ஏழு தவ் வித்தியாசம்

லியோட்டா ப்ரூவோல்டுக்குக் கை நடுங்கும் என்பது உண்மை. காப்பிக் கோப்பையைத் தூக்கும்போது நடுங்கும். தேவாலயத்தில் பாட்டுப் புத்தகத்தைப் பிடிக்கும்போது நடுங்கும். ஆனால் தோட்டா ஏற்றும் அச்சின் பூட்டு வளையத்தை அவர் முடுக்கும்போது அந்தக் கை நடுங்கி நான் பார்த்ததில்லை. பார்த்ததாகச் சொன்னவர்களும் பார்த்ததில்லை. இதை முதலிலேயே எழுதி வைக்கிறேன். ஏனென்றால் 1996ஆம் ஆண்டு அக்டோபரில் எங்கள் பார்லி ஃபோர்க் துப்பாக்கிச் சங்கத்தின் நிர்வாகக் குழு, அந்தக் கைகளுக்கு எதிராக ஒரு தீர்மானம் போட்டது. ஐந்து பேர் கை தூக்கினோம். அவற்றில் ஒன்று என்னுடையது.

லியோட்டா மொன்டானாவின் கிழக்குச் சமவெளியில், மழையை நம்பிய கோதுமைப் பண்ணை ஒன்றில் பிறந்தவர். இருபது வயதில் ஆர்னி ப்ரூவோல்டை மணந்தார். அடுத்த ஆண்டே மாவட்டப் பள்ளிப் பேருந்தின் ஸ்டியரிங்கைப் பிடித்தார். முப்பத்தோரு ஆண்டுகள், காலையில் அறுபது மைல், மாலையில் அறுபது மைல். டீசல் உறைந்துபோகும் ஜனவரிக் காலைகளிலும் அந்த மஞ்சள் வண்டி ஏழு மணி பத்து நிமிடத்துக்கு எங்கள் வீட்டுத் திருப்பத்தில் நிற்கும்.

பள்ளிக்கென்று ஒரு மெக்கானிக் இருந்தான். சக்கர நட்டுகளை ஞாயிறுதோறும் அவன் முறுக்குவான். திங்கள் காலையில் லியோட்டா தம்முடைய ஸ்பானரை எடுத்துக்கொண்டு வண்டியைச் சுற்றி வந்து ஒவ்வொரு நட்டையும் மறுபடி சோதிப்பார். மெக்கானிக் மனம் புண்படுகிறான் என்று தலைமையாசிரியர் ஒருமுறை சொல்லிப் பார்த்தார்.

"முறுக்கிட்டேன்னு அவன் சொல்றான், சார். முறுக்கியிருக்குன்னு நட்டு சொல்லட்டும். அப்புறம் கிளம்பறேன்" என்றாராம் லியோட்டா.

இன்று நாற்பது, நாற்பத்தைந்து வயதில் இருக்கும் இந்த வட்டாரத்து ஆண்களும் பெண்களும் பெரும்பாலும் அந்த வண்டியில் போனவர்கள்தாம். சொந்தமாக அறுவடை இயந்திரமும் வழுக்கைத் தலையும் உள்ளவர்கள்கூட அவரை இன்னும் "மிஸ் லியோட்டா" என்றே அழைப்பார்கள்.

தோட்டா ஏற்றும் வேலைக்கு அவர் வந்தது 1961இல். எங்கள் பகுதியில் இலையுதிர்காலத்து மான் என்பது பொழுதுபோக்கு அல்ல. குளிர்காலம் முழுவதும் உறைபெட்டியில் இருக்கும் இறைச்சி அது. சுட்ட பித்தளைக் கூட்டை எறிந்துவிடாமல் எடுத்து, பழைய அளவுக்குச் சுருக்கி, அடியில் பொறி கிளப்பும் புதுத் தீக்குப்பியும் மருந்தும் குண்டும் வைத்து மறுபடி பயன்படுத்துவது இங்கே வீட்டுக்கு வீடு வழக்கம்.

இதில் முதல் வேலைதான் முக்கியமான வேலை. சுடும்போது பித்தளைக் கூடு உப்பி, துப்பாக்கியின் உள்ளறை எந்த வடிவமோ அந்த வடிவத்தை எடுத்துக்கொள்ளும். அதைச் சற்றே இறுக்க வேண்டும். பிரஸ் என்ற கைப்பிடி இயந்திரத்தின் மேல்பகுதியில் எஃகு அச்சு திருகி நிற்கும். கீழே, கூட்டின் அடியைப் பிடித்துக்கொள்ள ஒரு சிறு எஃகுத் துண்டு இருக்கும். அதைத் தாங்கி என்போம். கைப்பிடியை இழுத்தால் தாங்கி கூட்டோடு மேலேறி, கூடு அச்சுக்குள் புகுந்து சுருங்கும். அச்சு எவ்வளவு கீழே இறங்கியிருக்கிறதோ அவ்வளவு தூரம் கூட்டின் தோள், அதாவது அதன் உடல் கழுத்தாகக் குறுகும் இடம், பின்னால் தள்ளப்படும்.

எவ்வளவு தள்ள வேண்டும் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அங்குலத்தை ஆயிரமாக வகுத்தால் அதில் ஒரு பங்கைப் பட்டறைப் பேச்சில் தவ் என்பார்கள். இரண்டு தவ் தள்ளினால் போதும். எட்டு, ஒன்பது என்று தள்ளினால் கூடு அறைக்குள் தளர்ந்து கிடக்கும். ஒவ்வொரு முறை சுடும்போதும் அதன் அடிப்பகுதி பின்னால் இழுபட்டு, அடிக்குச் சற்று மேலே பித்தளை மெலியும். வெளியே ஒன்றும் தெரியாது. ஐந்தாவது அல்லது ஆறாவது தடவை கூடு இரண்டாக அறுந்து, கொதிக்கும் வாயு சுடுபவரின் முகத்தை நோக்கி வரும்.

அச்சோடு வரும் துண்டுச் சீட்டு என்ன சொல்கிறது? "தாங்கியைத் தொடும்வரை அச்சை இறக்குக. பின் மேலும் கால் சுற்று இறக்குக." அவ்வளவுதான். அதை எழுதியவன் உன் துப்பாக்கியைக் கண்டானா? காணவில்லை. உலகத்திலுள்ள எல்லாத் துப்பாக்கிக்கும் பொருந்தட்டும் என்று எதற்கும் பொருந்தாத அளவுக்குச் சுருக்கச் சொல்கிறான். அச்சிட்ட தாள் என்பதற்காக அதை வேதவாக்காக எடுத்துக்கொள்வோர் அன்றும் இருந்தனர், இன்றும் இருக்கின்றனர். லியோட்டாவும் ஆர்னியும் முதலில் அப்படித்தான் செய்தார்கள். 1961 நவம்பரில் ஆர்னியின் கையில் ஒரு கூடு அறுந்தது. காயமில்லை. ஆனால் அறுந்த துண்டை லியோட்டா சமையலறை மேசைமேல் வைத்துக்கொண்டு ஒரு குளிர்காலம் முழுக்க அதன் காரணத்தைத் தேடினார். நகரத்திலிருந்து தவ் கணக்கில் அளக்கும் ஒரு கருவியை வரவழைத்தார். அதற்குப் பிறகு அவர் எந்தத் துண்டுச் சீட்டையும் நம்பவில்லை.

சங்கத்துக்குப் பழைய வெண்ணெய்க் கிடங்குக் கட்டடம் கிடைத்தபோது, அதன் குளிரறையில் தோட்டா ஏற்றும் மேசை போட்டார்கள். லியோட்டா அங்கே ஒரு முறையை ஏற்படுத்தினார். ஒவ்வொரு குடும்பமும் தன் துப்பாக்கியில் சுட்ட மூன்று கூடுகளைக் கொண்டுவர வேண்டும். அவர் மூன்றையும் அளப்பார். அந்தக் குடும்பத்தின் அச்சை அந்தக் குடும்பத்தின் தாங்கியோடு சேர்த்து, தோள் சரியாக இரண்டு தவ் பின்னால் போகும்படி அமைத்து, அச்சு அந்த அளவிலிருந்து இறங்காதபடி பூட்டு வளையத்தை முடுக்குவார். வளையமும் அச்சும் சேரும் இடத்தின் குறுக்கே சிவப்பு நகப்பூச்சால் ஒரு கோடு இழுப்பார். வளையம் மயிரிழை நகர்ந்தாலும் கோடு உடைந்து காட்டிக்கொடுக்கும். பிறகு அச்சும் தாங்கியும் ஒரு மாதிரிக் கூடும் ஒரு காப்பி டப்பாவுக்குள் போகும். டப்பாவின்மேல் ஒட்டுத்தாளில் குடும்பப் பெயர். உள்ளே இருப்பதைப் பிரிக்கக்கூடாது. இது ஒன்றே சட்டம். நாற்பத்து மூன்று டப்பாக்கள், இருபத்திரண்டு ஆண்டுகள். ஒரு கூடும் அறுந்ததில்லை.

இனி கெல்வின் ஸ்ட்ரோமைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் பிறந்து, மினியாபொலிஸில் ஒரு தொழிற்சாலையில் ஒழுங்குமுறை மேலாளராக இருந்து, ஐம்பத்தெட்டு வயதில் திரும்பி வந்தவர். கெட்ட மனிதர் அல்லர். எதைப் பார்த்தாலும் அடுக்கிவைக்கத் தோன்றும் மனிதர். சங்கத்தின் செயலாளர் ஆனார். 1996 மார்ச் மாதம் குளிரறைச் சுவரில் வெள்ளை வண்ணம் பூசிய பலகை ஒன்றை மாட்டினார். அதில் வரிசையாகக் கொக்கிகள். நாற்பத்து மூன்று டப்பாக்களையும் திறந்து, தாங்கிகளை எல்லாம் எடுத்து, தோட்டா வகைப்படி பிரித்துக் கொக்கிகளில் மாட்டினார். எங்களில் பலருடைய துப்பாக்கி ஒரே வகை என்பதால் அந்த வகைத் தாங்கி மட்டும் பத்தொன்பது இருந்தன. மூன்று போதும் என்று முடிவுசெய்து மிச்சத்தை மேசைக்கடியில் ஓர் அட்டைப் பெட்டியில் கொட்டிவிட்டார்.

நான் அன்று அங்கே இருந்தேன். லியோட்டா உள்ளே வந்து பலகையைப் பார்த்தார்.

"கெல்வின், இது யார் பார்த்த வேலை?"

"நான்தான். எப்படி இருக்கு? இனிமே டப்பா டப்பாவா தேட வேணாம் பாருங்க."

"இதை மறுபடி அதது டப்பாவுல போட்டுடு."

"எல்லாம் ஒண்ணுதானே, லியோட்டா? ஒரே வகை. ஒரே அளவு. பெட்டியிலேயே அச்சடிச்சிருக்கு."

"பெட்டியில என்ன வேணா அச்சடிப்பான். நீ அளந்தியா?"

"ஒரு இரும்புத் துண்டை அளக்கணுமா? நீங்க ரொம்பத்தான் பார்க்கறீங்க" என்று சிரித்தார் கெல்வின்.

லியோட்டா குழுவுக்கு எழுத்து மூலமாக முறையிட்டார். ஏப்ரல் கூட்டத்தில் அந்தக் கடிதம் வாசிக்கப்பட்டது. "பரிசீலிக்கப்படும்" என்று குறிப்பெழுதி மேலே போனோம். பலகை பார்வைக்கு அழகாக இருந்தது. விருந்தாளிகள் பாராட்டினார்கள்.

மெரில் ஓப்ஸ்டாட் பார்லி பயிரிடுபவன். நாற்பத்து நான்கு வயது. அந்தக் கோடை முழுவதும் சுடுகளத்தில் பயிற்சி எடுத்தான். ஒரே இருபது கூடுகளைத் திரும்பத் திரும்பச் சுருக்கி, ஏற்றி, சுட்டான். அக்டோபரில் புல்வெளி மான் பருவம் தொடங்குவதற்கு முந்தைய ஞாயிறன்று, துப்பாக்கியைச் சரிபார்க்க நாங்கள் எல்லாரும் களத்தில் கூடியிருந்தோம். மெரில் ஒன்பதாவது குண்டைச் சுட்டதும் சத்தம் வேறுவிதமாகக் கேட்டது. அவன் முகத்தைப் பொத்திக்கொண்டு பெஞ்சிலிருந்து சாய்ந்தான். பித்தளைச் சிதறல் புருவத்தைக் கிழித்திருந்தது. மூன்று தையல். கண் தப்பியது. கண்ணாடி போட்டிருந்ததால் தப்பியது.

புதன்கிழமை குழு கூடியது. தலைவர் ஹார்லன் டீட்ஸ், கெல்வின், நான், இன்னும் இருவர். லியோட்டாவை யாரும் அழைக்கவில்லை.

"அச்சை அமைச்சது யாரு? லியோட்டா. கை நடுங்கறது யாருக்கு? லியோட்டாவுக்கு. நான் கூட்டிக் கழிச்சுத்தான் சொல்றேன், குத்தம் சொல்லலை" என்றார் கெல்வின்.

"வயசாயிடுச்சு, பாவம்" என்றார் ஹார்லன்.

லியோட்டாவுக்கு அறுபத்தேழு. ஹார்லனுக்கு எழுபத்தொன்று. அந்த அறையில் இதை ஒருவரும் கவனிக்கவில்லை. நானும் கவனிக்கவில்லை. தீர்மானம் இரண்டு பகுதி. லியோட்டா ப்ரூவோல்ட் வயது காரணமாக மேசைப் பொறுப்பிலிருந்து விடுவிக்கப்படுகிறார். எல்லா அச்சுகளும் தயாரிப்பாளரின் சீட்டில் உள்ளபடி மறு அமைப்புச் செய்யப்படும். அதாவது தொட்டு, மேலும் கால் சுற்று! நோயையே மருந்தாக எழுதி, நாற்பத்து மூன்று குடும்பங்களுக்கும் ஊட்டுவதற்கு ஐந்து பேர் கை தூக்கினோம். நான் முப்பத்து நான்கு ஆண்டுகள் மாநில அரசில் எடை அளவு ஆய்வாளராக இருந்தவன். தானியக் கிடங்குத் தராசு, கசாப்புக் கடைத் தராசு எல்லாவற்றையும் சோதித்து முத்திரை குத்தியவன். அன்று எதையும் சோதிக்காமல் கை தூக்கினேன். இதற்கு நான் காரணம் எதுவும் சொல்லப்போவதில்லை. சொல்லும்படியான காரணம் இல்லை.

அடுத்த வீட்டுக்காரன் என்பதால் கடிதத்தைக் கொண்டுபோகும் வேலையும் எனக்கே வந்தது.

வியாழன் காலை லியோட்டா சமையலறையில் இறைச்சி அரைத்துக்கொண்டிருந்தார். கையைத் துடைத்துக்கொண்டு கடிதத்தை வாங்கினார். தாள் நடுங்கியது. நின்றபடியே முழுவதும் படித்தார். மறுபடி மேலிருந்து படித்தார்.

"அறுந்து போன கூடு எங்க இருக்கு?"

"தெரியலை. மெரில்கிட்ட இருக்கும்."

"அவன் அச்சைப் பார்த்தீங்களா? நகப்பூச்சுக் கோடு உடைஞ்சிருந்துச்சா?"

"பார்க்கலை."

"தாங்கியை அளந்தீங்களா?"

"இல்லை, லியோட்டா."

அவர் கடிதத்தை மடித்து மேசைமேல் வைத்தார். அவர் அழுதிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

"ஊர்க்காரன் தராசை எல்லாம் அளந்து பார்த்துத்தானே சீல் வச்ச, வெர்ன்? கசாப்புக்காரன் மூஞ்சியைப் பார்த்து வச்சியா? அவன் வயசைக் கேட்டு வச்சியா?"

"இல்லை."

"என் வேலை தப்புன்னா தப்புன்னு சொல்லு. நானே சாவியைக் கொண்டாந்து குடுத்துடறேன். மெரில் பையனோட கண்ணு போயிருந்தா நான் எப்படி இந்த ஊர்ல நடப்பேன்? அதுக்குத்தான் கேக்கறேன். அளந்துட்டு வந்து சொல்லுங்கடா!"

அவருடைய குரல் உயர்ந்து நான் கேட்டது அதுவே முதல் முறை. ரேடியோவை நிறுத்திவிட்டு வெளியே போய் என் வண்டியில் ஏறி உட்கார்ந்துகொண்டார். நான்தான் பின்னால் ஓடினேன்.

குளிரறையின் சாவி ஒன்று என்னிடமும் இருந்தது. வழியில் மளிகைக் கடையில் நிறுத்தி, மெரிலைத் தொலைபேசியில் வரச் சொல்லியிருந்தேன். புருவத்தில் கட்டோடு, கையில் கூடுகள் அடங்கிய பெட்டியோடு வந்து நின்றான்.

"மிஸ் லியோட்டா, நான் ஒண்ணும் சொல்லலைங்க. அவங்களா பேசிக்கிட்டாங்க."

"நீ மூணாங்கிளாஸ்ல என் பஸ்ல வாந்தி எடுத்துட்டு, அதையும் நீ ஒண்ணும் பண்ணலைன்னுதான் சொன்ன. கட்டை எடுக்காத, காத்துப் படக்கூடாது. பெட்டியைத் திற."

முதலில் ஓப்ஸ்டாட் டப்பாவைத் திறந்தோம். அச்சின்மேல் சிவப்புக் கோடு முழுசாக இருந்தது. வளையம் நகரவில்லை. நான் அதைப் பூதக்கண்ணாடியில் பார்த்து, என் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். டப்பாவில் தாங்கி இல்லை.

"எந்தத் தாங்கியைப் போட்டு ஏத்தின?" என்று கேட்டேன்.

மெரில் பலகையைக் காட்டினான். "பளபளன்னு இருக்கே, அந்த முதல் கொக்கி. எப்பவும் அதைத்தான் எடுப்பேன். புதுசா இருந்துச்சு."

லியோட்டா குனிந்து மேசைக்கடியிலிருந்து அட்டைப் பெட்டியை இழுத்தார். தாங்கிகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். பதினாலாவது துண்டின் அடியில், ஓரிரு குடும்பங்கள் மட்டும் செய்வதுபோல், ஊசியால் கீறிய இரண்டு எழுத்துகள் தெரிந்தன. ஓப்ஸ்டாட் குடும்பத்தின் தாங்கி. ஏழு மாதமாக அங்கே தூசியில் கிடந்திருக்கிறது.

என் ஆழமானியை எடுத்தேன். அரசுப் பணியிலிருந்து ஓய்வுபெறும்போது நானே விலை கொடுத்து வாங்கிக்கொண்ட கருவி. கூடு உட்காரும் தளம் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று இரண்டு தாங்கிகளிலும் பத்துப் பத்து முறை அளந்தேன். பளபளப்பான தாங்கியின் தளம் பழையதைவிட ஏழு தவ் உயரம். அதாவது அதில் வைத்த கூடு அச்சுக்குள் ஏழு தவ் கூடுதலாகப் புகும். தயாரிப்பாளர் வேறு, அளவு வேறு. பெயர் மட்டும் ஒன்று.

மெரில் ஞாயிறன்று சுட்டு இன்னும் சுருக்காத கூடுகளில் ஆறை எடுத்தோம். மூன்றைப் பழைய தாங்கியில் வைத்துச் சுருக்கினோம். தோள் இரண்டு தவ் நகர்ந்தது, மூன்றிலும். மற்ற மூன்றைப் பளபளப்பில் வைத்தோம். ஒன்பது, ஒன்பது, ஒன்பது.

லியோட்டா ஒரு பேப்பர் கிளிப்பை நிமிர்த்தி, முனையை மட்டும் மடக்கி, ஒரு கூட்டுக்குள் விட்டு உட்சுவரைத் தடவினார். அடிக்குச் சற்று மேலே கம்பி முனை இடறியது. என்னையும் தடவச் சொன்னார். பள்ளம் விரலுக்கே தெரிந்தது. இரும்பறுக்கும் ரம்பத்தால் அந்தக் கூட்டை நீளவாக்கில் அறுத்தார். கை துளியும் நடுங்கவில்லை. உள்ளே சுவர் ஓரிடத்தில் காகிதமாய் மெலிந்து, வளையமாக மின்னியது.

"பெட்டியில மிச்சம் இருக்கற எல்லாமே இப்படித்தான் இருக்குமா?" என்று மெரில் கேட்டான்.

"எல்லாமே."

அவன் பெட்டியைக் கையால் தொடாமல் நகர்த்தி வைத்தான். "சனிக்கிழமை என் பொண்டாட்டி இதை எடுத்துக்கிட்டு வேட்டைக்குக் கிளம்பறதா இருந்தா" என்றான்.

நான் குளிரறையைப் பூட்டி, பொதுக்கூட்டம் கூடும்வரை சாவியை யாருக்கும் கொடுக்க மறுத்துவிட்டேன். கெல்வின் இரண்டு முறை வந்து கேட்டார். இரண்டு முறையும் அளவுகள் எழுதிய தாளை நீட்டினேன். வாங்கிக்கொள்ளவில்லை.

நவம்பர் முதல் புதன்கிழமை முப்பத்து மூன்று பேர் கூடினார்கள். நான் எண்களை வாசித்தேன். அறுத்த கூடு கைக்குக் கை போயிற்று. பேப்பர் கிளிப்பும் கூடவே போயிற்று. ஒவ்வொருவரும் உள்ளே விட்டுத் தடவிப் பார்த்தார்கள்.

கெல்வின் எழுந்தார். "ஏழு தவ்! ரெண்டு முடி கனம். இதை யாராவது எதிர்பார்க்க முடியுமா? யார் மேலயும் தப்பில்லைன்னு ஆயிடுச்சு. சந்தோஷம். பழைய தீர்மானத்தை ரத்து பண்ணிட்டு, லியோட்டாவுக்கு ஒரு விருந்து வச்சு, ஒரு பட்டயமும் குடுப்போம்."

சிலர் கைதட்டத் தொடங்கினார்கள். லியோட்டா எழுந்ததும் கைதட்டல் நின்றது.

"எனக்குப் பட்டயம் வேணாம். குறிப்பேட்டுல என்ன எழுதப்போற, படி."

கெல்வின் படித்தார். "அக்டோபர் தீர்மானம் திரும்பப் பெறப்பட்டது. கருவிகளில் ஒரு மாற்றம் நேர்ந்ததாகத் தெரியவருகிறது."

"மாற்றம் தானா நேர்ந்துச்சா? தாங்கிக்குக் கால் முளைச்சு டப்பாவுல இருந்து இறங்கிப் போய்க் கொக்கியில தொங்கிக்கிச்சா?"

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

"காப்பீட்டுக்காரங்க படிப்பாங்க, லியோட்டா. ஜாக்கிரதையா எழுதணும்" என்றார் ஹார்லன்.

"என்னைப் பத்தி எழுதும்போது இந்த ஜாக்கிரதை எங்க போச்சு, ஹார்லன்? 'வயது காரணமாக'ன்னு எழுதினீங்களே. அந்தத் தாள் இந்த ஊர்ல எத்தனை வீட்டுக்குப் போச்சு தெரியுமா? மளிகைக் கடைப் பொண்ணு என் கையில சில்லறையைக் குடுக்காம மேசையில வைக்கறா, நான் கீழ போட்டுடுவேனாம்! என் பின்னால முப்பத்தோரு வருஷம் உங்க பிள்ளைங்க உட்கார்ந்து வந்தாங்க. ஒரு பிள்ளைக்கு ஒரு கீறல் இல்லை. எனக்கு மூணு வரி வேணும். லியோட்டா அச்சைச் சரியா அமைச்சா. தாங்கியைக் குழு மாத்துச்சு, அவ வேணாம்னு சொல்லியும் மாத்துச்சு. கூடு அறுந்தப்போ குழு அளந்து பார்க்காமலே அவளைக் குத்தம் சொல்லுச்சு. இந்த மூணையும் எழுது. விருந்தை நீங்களே சாப்பிடுங்க."

"இது ஒரு மனுஷனை அவமானப்படுத்தறது" என்றார் கெல்வின். முகம் சிவந்திருந்தது.

"ஆமா. எனக்கு எப்படி இருந்துச்சுன்னு இப்ப தெரியுதா?"

மெரில் எழுந்தான். "நான் முன்மொழியறேன். மிஸ் லியோட்டா சொன்ன மூணு வரியும், சொன்னபடியே."

நான் வழிமொழிந்தேன். அந்தக் 'குழு'வில் நானும் அடக்கம் என்று எழுந்து நின்றே சொன்னேன். நிற்பது நன்றாக இல்லை. ஆனாலும் நின்றேன். வாக்கெடுப்பில் இருபத்தொருவர் ஆதரவு. பன்னிரண்டு பேர் எதிர்த்தார்கள். அந்தப் பன்னிரண்டு பேரும் பித்தளையின் பள்ளத்தைத் தம் கையாலேயே தடவிப் பார்த்தவர்கள். நினைக்கும்போது இன்றும் என் உடம்பு எரிகிறது. ஒரு பெண்ணின் நல்ல பெயரைப் பறிக்க ஐந்து நிமிடமும் ஐந்து கையும் போதுமாக இருந்தன. அதைத் திருப்பிக் கொடுக்க ஆழமானியும் ரம்பமும் முப்பத்து மூன்று பேரும் வேண்டியிருந்தன. அப்போதும் பன்னிரண்டு பேருக்கு மனம் வரவில்லை.

கெல்வின் மூன்று வரிகளையும் எழுதினார். எழுத்து அழகாக இருந்தது. லியோட்டா மூக்குக் கண்ணாடியைப் போட்டு ஒருமுறை படித்துவிட்டு, "சரி" என்றார்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு அவர் குளிரறைக்கு வந்துவிட்டார். மான் பருவம் முடிய மூன்று வாரத்துக்குச் சற்று மேல் இருந்தது. அந்த நேரத்தில் மேசையை மூடினார். பெட்டியிலும் பலகையிலும் கலந்து கிடக்கும் தாங்கிகள் எது எவருடையது என்று மாதிரிக் கூட்டோடு ஒப்பிட்டு அளந்து, அதனதன் டப்பாவுக்குத் திரும்பும்வரை யாரும் ஒரு தோட்டாகூட ஏற்றக்கூடாது என்று கதவில் எழுதி ஒட்டினார். நான் அளந்தேன். அவர் சரிபார்த்தார். முதல் நாளில் நான்கு டப்பாக்கள்தாம் முடிந்தன. வந்தவர்கள் முணுமுணுத்துக்கொண்டு திரும்பினார்கள். முந்தைய நாள் அவருக்காகக் கை தூக்கியவர்களும் முணுமுணுத்தார்கள்.

பிற்பகலில் ஹார்லன் தொப்பியைக் கழற்றாமலேயே உள்ளே வந்தார்.

"லியோட்டா, சனிக்கிழமை மச்சானோட மலைக்குப் போறேன். எனக்கு இருபது ரவுண்டு ஏத்தணும்."

"உன் டப்பா இருபத்தாறாவது. நான் அஞ்சாவதுல இருக்கேன்."

"நான் சங்கத் தலைவர்மா."

"அதனாலதான் இருபத்தாறு. இல்லைன்னா நாப்பத்து மூணு."

ஹார்லன் என்னைப் பார்த்தார். நான் ஆழமானியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சரி, அதோ கொக்கியில அதே வகை ஒண்ணு தொங்குதே, அதைப் போட்டு நானே ஏத்திக்கறேன். ஒரு தடவைதானே?" என்றார் அவர்.

மூன்று வரி குறிப்பேட்டில் எழுதி இன்னும் முழுதாக ஒரு நாள் ஆகவில்லை.

லியோட்டா எழுந்து போய்ப் பலகையிலிருந்த தாங்கிகள் அத்தனையையும் கழற்றித் தம் மேலங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டார். பிறகு மேசைக்குத் திரும்பி, ஐந்தாவது டப்பாவின் தாங்கியை என் பக்கம் நகர்த்தினார்.

"உன் துப்பாக்கியில சுட்ட கூடு மூணு வேணும், ஹார்லன். கழுவாம கொண்டா" என்றார், தலையைத் தூக்காமல்.

ஹார்லன் வெறும் கொக்கிகளைப் பார்த்தார். பிறகு கூடுகளை எடுத்துவர வீட்டுக்குப் போனார்.